உருமால் கட்டிய கல்லக்கா

ஒரு பெண் இன்னொரு பெண்ணின் குழந்தைக்குத் தாய்மாமன் ஆக முடியுமா? நான்கு வருஷமாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவரைக் கேட்டால், "அதுதான் ஆயிப்போச்சே, இனி எதுக்குக் கேக்கறே?" என்கிறார். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு நிற்கிற பிள்ளையிடம் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டுப் போனவள் கல்லக்கா. ராசிபுரத்தில் கல்லக்காவைப் பார்த்து வாய் பிளக்காத மனிதர் ஒருவர்கூட இல்லை என்று துணிந்து எழுதுவேன். பிளந்த வாயை மூடச் சிலருக்கு இரண்டு நாள் பிடித்தது. எங்கள் எருமைகள்கூட அவளைக் கண்டால் அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். அவளுடைய சொந்தப் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. சர்க்கஸ் விளம்பரத் தாளில் ஏதோ ராணி என்று அச்சடித்திருந்தார்கள். நெஞ்சின் மேல் ஆட்டுக்கல் பருமனுக்கு ஒரு பாறையை ஏற்றிக்கொண்டு, அதைச் சம்மட்டியால் உடைக்கச் சொல்லிப் படுத்துக் கிடப்பவள். அதனால் எங்கள் தெருவுக்கு அவள் கல்லக்கா.

அந்த வருஷம் ஐப்பசியில் சர்க்கஸ்காரர்கள் ஊர்க்கோடித் திடலில் கூடாரம் அடித்தார்கள். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கூடாரத் துணி நனைந்து கனத்தது; வண்டிப் பாதை சேறாகிவிட்டது. நாலு ஆட்டம் ஆடிவிட்டுப் போக வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். சிங்கத்துக்குச் சளி பிடித்துத் தும்மியதைத் தெருப் பிள்ளைகள் வீடு வீடாக நடித்துக் காட்டினார்கள்.

எங்கள் வீடு நெசவாளர் தெருவில் கடைசி வீடு. பின்னால் தொழுவம். என் மாமியார் நாலு எருமை வைத்திருந்தார். வெண்ணெய் உருக்கி நெய் விற்பார். ஒருநாள் காலை, பத்து மாதக் கைக்குழந்தையாக இருந்த என் பெண்ணுக்கு ராகிக் கூழ் ஊட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு இருட்டியது. மழை வருகிறது என்று காயப்போட்ட துணிகளை எடுக்க எழுந்து ஓடினேன். மழை இல்லை. வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"நெய் இருக்குதா?"

நான் அதிர்ந்தது அவளுடைய தோளைப் பார்த்து மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு 'ங்க' போடாமல் முன்பின் தெரியாதவர்களிடம் பேசினால் அது ஒரு தள்ளு தள்ளுவதற்குச் சமானம். கல்லக்காவுக்குக் கெங்கவல்லிக்கு அந்தாண்டை ஒரு கிராமம். அவள் பேச்சில் 'ங்க' வராது. எல்லாரும் அவளுக்கு ஒன்றுதான்.

"ஆருங்க அது? எத்தனை வேணுமுங்க?" என்று மாமியார் எழுந்து வந்தார்.

"ஒரு உழக்கு."

"ஏனம் கொண்டாந்திருக்கீங்களா?"

"ஏனம் எதுக்கு? இங்கயே குடிச்சிடறேன்."

குடித்தாள். உருக்கிய நெய், ஒரு உழக்கு நிறைய, நின்ற நிலையில். மோர் குடிப்பவர்கள்கூட நடுவில் ஒருமுறை மூச்சு விடுவார்கள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வாசம். நாளைக்கும் வாரேன்" என்று போய்விட்டாள். எனக்குப் பிள்ளை பெற்ற உடம்புக்கு நாற்பது நாளும் நெய்யைத் துளித் துளியாக விட்டவர் என் மாமியார். உழக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். "இன்னைக்கு இவ வவுறு என்ன பாடு படப்போவுதோ" என்று மட்டும் சொன்னார்.

வயிறு ஒரு பாடும் படவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். ஒரு வாரத்தில் என் மாமியார் தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "என்ற கையி நெய்யைத்தான் குடிப்பா. வேற ஊட்டு நெய்யை மோந்துகூடப் பாக்க மாட்டா."

அந்த வாரத்திலேயே நூல் மூட்டை ஏற்றிய பார வண்டி ஒன்று எங்கள் வாசலுக்கு நேராகச் சேற்றில் இறங்கியது. அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. நெசவாளர்கள் தறியை விட்டு எழுந்து வந்து, ஆறு பேர் தள்ளினார்கள். வண்டி இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே போனது. கல்லக்கா நெய் குடித்துவிட்டு வெளியே வந்தவள், "மாட்டை அவுத்து அந்தாண்ட கட்டு" என்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வண்டிக்குப் பின்புறம் திரும்பி நின்று, முதுகைக் கொடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி தெருவின் அந்தப் பக்கம், காய்ந்த தரையில் நின்றது.

வண்டிக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் மெதுவாக அருகில் வந்து கேட்டார்:

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?"

"சமைக்கிறாரு" என்றாள் கல்லக்கா.

உண்மைதான். அவள் புருஷன் சர்க்கஸ் சமையல்காரர். அவளுடைய ஒரு கை அகலம்கூட அவர் இருக்கமாட்டார். ஒருநாள் வெயில் அடித்து ஆட்டம் நடந்தபோது, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரருடன் போயிருந்தேன். மாமியார், "குட்டிச்சாத்தான் வேலையெல்லாம் நான் பாக்க மாட்டேன்" என்று வீட்டில் இருந்துவிட்டார். ஆனால் எங்களுக்கு நாலு வரிசை பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்ததும், அந்தத் துண்டு எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துண்டாக இருந்ததும் எனக்கு மட்டும் தெரியும்.

கல்லக்கா பல்லால் ஒரு மனிதனைத் தூக்கினாள். சங்கிலியை மார்பில் சுற்றி மூச்சை நிறைத்து அறுத்தாள். நெஞ்சின் மேல் பலகை போட்டு அதன் மேல் யானை நடந்தபோது, நான் என் வீட்டுக்காரரின் கையில் நகத்தைப் பதித்துவிட்டேன் என்று அவர் பிறகு காட்டினார். கடைசியில் கல் வந்தது. சம்மட்டியோடு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சமையல்காரர்தான். சம்மட்டியை ஓங்கினார், கண்ணை இறுக மூடினார், போட்டார். கல் இரண்டாகப் பிளந்தது. கூட்டம் எழுந்து கூச்சல் போட்டது.

மறுநாள் நெய்க்கு வந்தபோது, "கல்லு விழறப்ப பயமா இருக்காதாங்க?" என்று கேட்டேன்.

"கல்லுக்கு என்ன பயம் தங்கச்சி? மூச்சைப் புடிச்சிக்கணும், அவ்வளவுதான். இவரு கண்ணை மூடிக்கினு அடிக்கிறாரு பாரு, அதுக்குத்தான் பயம்."

கூட வந்திருந்த சமையல்காரர் முகம் சிவந்துவிட்டது. "பாத்துக்கிட்டே எப்படி அடிக்கறதுங்க? கட்டின பொண்டாட்டியாச்சே" என்றார்.

தங்கச்சி என்று அவள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தது முதல் நாளிலிருந்து. என்னைத் தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட அதுவரை யாரும் கிடையாது. என் தாய் தகப்பனுக்கு நான் ஒரே பெண். கூடப் பிறந்தவன் இல்லை. இதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை, என் பெண்ணுக்குக் காது குத்தும் காலம் வரும் வரை.

எங்கள் வழக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனுக்குத் தலையில் உருமால் கட்டி, பலகையில் உட்கார வைத்து, குலதெய்வத்தின் முன்னால் நடக்கவேண்டும். எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை என்பதால் முறையுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து இரண்டு தடவை ஏற்பாடு செய்தோம். இரண்டு தடவையும் நடக்கவில்லை. என் பெண் அன்னியர் கையைப் பொறுக்கமாட்டாள். முதல் தடவை அவள் உதைத்த உதையில் ஊசி எங்கேயோ போய், தேடிக்கொண்டிருக்கும்போதே நல்ல நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை அழுதழுது முகம் நீலம் பாரித்தது. காது குத்த வந்த ஆசாரி பயந்துபோய்த் தன் கட்டைவிரலைக் குத்திக்கொண்டார்.

"மூணாந்தரமும் முட்டுப்பட்டுதுன்னா, பொறவு நான் அந்தக் கோயில் படி மிதிக்க மாட்டேன்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பொறந்தவன் இல்லாத ஊட்டுல பொண்ணெடுத்தது என்ற தப்புத்தான்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். பெரியவர்களுக்குப் பதில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, காது மூளியாக என் பெண் வளர்ந்து, ஊரெல்லாம் அவளைக் காட்டி என் பிறந்த வீட்டைப் பேசுவதாகக் கனவு கண்டேன்.

இந்தக் கவலையில் பிள்ளையும் தேறவில்லை. பத்து மாதமாகியும் ஒல்லிக்குச்சி. எதைப் பார்த்தாலும் அழுகை. ஒருநாள் நான் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அழுகை நின்றது. அழுகை நின்றால் எனக்கு அழுகையைவிடப் பயம். ஓடி வந்து பார்த்தேன். கல்லக்கா ஒரு விரலை நீட்டியிருந்தாள். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு என் பெண் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கத்த வாயைத் திறந்தேன்.

"அக்கா, விழுந்துடுவாளுங்க" என்று எப்படியோ சொன்னேன்.

"நான் புடிக்கலை தங்கச்சி. புள்ளைதான் புடிச்சிருக்குது" என்றாள் கல்லக்கா. அடியில் இன்னொரு உள்ளங்கையை முறம் போல விரித்து வைத்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். என் பெண் சிரித்தாள். பிறந்தது முதல் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். சந்தோஷப்படுவதா, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வதா என்று தெரியாமல் பாலைப் பொங்க விட்டேன். குழந்தை வளர்ப்பைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு அத்தியாயம் இல்லை.

மூன்றாம் தடவைக்கு மாமனாக எனக்குத் தூரத்துப் பெரியப்பா மகன் ஒருவர் கிடைத்தார். திருச்செங்கோட்டு அண்ணன் என்று நாங்கள் சொல்வோம். பெரிய பண்ணையம், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மீசை. "ரெண்டு காதென்ன, நாலு காது இருந்தாலும் குத்திப்போட்டுத்தான் எந்திரிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

எங்கள் குலதெய்வக் கோயில் கொல்லிமலை அடிவாரத்தில், காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மழையினால் வண்டி கடைசி ஒரு மைல் போகாது. பொங்கல் வைக்கிற பித்தளை அண்டாவை யார் தூக்கி வருவது என்ற பேச்சு வந்தபோது மாமியாரே, "அந்த நெய்க்காரியைக் கூப்புடு" என்றார். அப்படித்தான் கல்லக்கா எங்களோடு வந்தாள். தலையில் அண்டா, அதற்குள் தண்ணீர், அதோடு ஒரு கையில் அரிசி மூட்டை. நாங்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்க நடந்தோம்.

வழியில் ஓடை குறுக்கிட்டது. முழங்கால் வரைக்கும் செம்மண் தண்ணீர். ஒவ்வொருவராக இறங்கிப் போனோம். மாமியார் மட்டும் கரையில் நின்று தயங்கினார். கல்லக்கா சாமானை அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மாமியாரைத் தூக்கி, குழந்தையை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"எறக்கி வுடு சாமி. எறக்கி வுடு. ஒறம்பரையெல்லாம் பாக்குது."

"பாத்தா என்ன? அசையாதே பெரியம்மா, வழுக்குது."

கூட வந்த உறவுக்காரர்கள் பார்த்தது உண்மைதான். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றார்கள். அக்கரையில் இறங்கியதும் மாமியார் புடவையைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போய்விட்டார்.

பொங்கல் பொங்கியது. பலகை போட்டார்கள். திருச்செங்கோட்டு அண்ணனுக்கு உருமால் கட்டினார்கள். மடியில் குழந்தையை வைத்ததுதான் தாமதம், மீசையைப் பார்த்து என் பெண் வீறிட்டாள். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. ஆசாரி பொட்டலத்தைப் பிரித்து ஊசியை எடுத்தார். அண்ணன் அதைப் பார்த்தார்.

"ஆசாரி, ரத்தம் வருமா?"

"ஒரு சொட்டு வருமுங்க."

அண்ணனுக்குக் கண் மேலே செருகியது. வேரோடு சாயும் தென்னை மரம் போல, மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்தார். என் பெண் மடியிலிருந்து சரிந்தாள். நான் எழுந்தேனா, கத்தினேனா என்று நினைவில்லை. கல்லக்காவின் கை எங்கிருந்தோ நீண்டு வந்து, தரையைத் தொடும் முன் குழந்தையை அள்ளிக்கொண்டது. அழுகை பட்டென்று நின்றது. என் பெண் அந்த விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து உட்கார்ந்தார். ஆசாரி கையில் ஊசியைப் பார்த்தார். மறுபடி படுத்துக்கொண்டார்.

"நேரம் போவுதுங்க. மாமன் மடி எங்கீங்க?" என்றார் ஆசாரி.

"வேற மொறைக்காரன் ஆரு இருக்கறா இங்க?" என்று ஒறம்பரைக்குள் பேச்சு எழுந்தது.

"புள்ளைதான் அந்த அக்காகிட்ட அழுவாம இருக்குதே. அங்கயே வெச்சுக் குத்திப்போடுங்க."

"அவ பெரியம்மா மொறையில்ல ஆவும்? பெரியம்மா மடில குத்தினா அது காதுகுத்துன்னு ஆரு சொல்லுவா? ஊசி குத்துனது, அவ்வளவுதான்."

மாமியார் கோயில் படியில் உட்கார்ந்து, உள்ளே சிலையைப் பார்த்தார். "மூணாந்தரம்" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். கோபமாக இருந்திருந்தால் நான் வழக்கம் போல வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன்.

அடுத்து நடந்ததை எழுதலாமா என்று இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டேன். நான் நடந்து போய், படுத்துக் கிடந்த அண்ணனின் தலையிலிருந்து உருமாலை அவிழ்த்தேன். பெரிய தலைக்குக் கட்டியது, நீளமாகவே இருந்தது. கல்லக்காவைப் பலகையில் உட்காரச் சொல்லி, அவள் கொண்டையோடு சேர்த்து உருமாலைக் கட்டினேன்.

"உருமால் கட்டினவங்கதானுங்களே மாமன்? கட்டியாச்சு. குத்துங்க" என்றேன்.

யார் இப்படிப் பேசுகிறது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அண்ணன் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தார். என் வீட்டுக்காரர், எதையும் இரண்டு பக்கமும் யோசிக்கிறவர், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒறம்பரை எல்லாம் என் மாமியாரைப் பார்த்தது. அவர் பேசவில்லை. ஆசாரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அது சம்மதமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கல்லக்காவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. யானை நடந்தபோது இமைக்காத கண் படபடவென்று அடித்துக்கொண்டது. "தங்கச்சி, என் கையைப் புடிச்சிக்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் வரைக்கும் அந்தக் கையால் எனக்குச் சோறு பிசைய முடியவில்லை.

ஊசி இறங்கியது. ஒரு பெரிய அலறல் எழுந்தது. இலுப்பை மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. தூரத்தில் உழுதுகொண்டிருந்தவர் ஏரை விட்டுவிட்டு ஓடி வந்தார். அலறியது கல்லக்கா. என் பெண் அழவில்லை. இரண்டாவது காதுக்கும் கல்லக்காதான் அழுதாள். கன்னத்தில் வழிந்த கண்ணீரை என் பெண் ஆச்சரியமாகப் பார்த்து, சின்னக் கையால் தட்டிக் கொடுத்தாள்.

"கல்லையே நெஞ்சுல வாங்கறீங்க, இதுக்குப் போயி..." என்றார் ஆசாரி, பயந்தபடி.

"அது என் நெஞ்சு ஆசாரி. இது புள்ளை காது" என்று மூக்கை உறிஞ்சினாள் கல்லக்கா. "மூச்சைப் புடிச்சிக்க மறந்துட்டேன்."

அதற்குப் பிறகு எட்டு நாள் என் மாமியார் என்னிடம் பேசவில்லை. ஒரே வீட்டில் பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? எங்கள் எருமை கருப்பி மூலமாகப் பேசினார். தொழுவத்தில் நின்றுகொண்டு, நான் கேட்கும்படி, "ஏ கருப்பி, இன்னைக்கு ரசத்துல உப்பில்லை" என்பார். "கருப்பி, கொடியில துணி நனையுது, பாக்கறவங்க பாத்தா எடுக்கலாம்." நான் கருப்பிக்குப் பதில் சொல்லிப் பார்த்தேன். கருப்பி இரண்டு பக்கமும் தலையை ஆட்டியது.

நான் செய்தது தப்பென்றே முடிவு கட்டியிருந்தேன். ஒன்பதாம் நாள் மழை விட்டது. சர்க்கஸ் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள் என்று சேதி வந்தது. முற்பகலில் தெருக்கோடியில் பேண்டு சத்தம் கேட்டது. தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. எட்டிப் பார்த்தேன். கல்லக்கா வந்துகொண்டிருந்தாள். தலையில் அதே உருமால். இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு தாம்பாளம். பின்னால் கோமாளி ஒரு தட்டு, கம்பியில் நடக்கிற பெண்கள் ஆளுக்கொரு தட்டு. சமையல்காரர் சின்னப் பாவாடை ஒன்றைத் துளி மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். கடைசியில் யானை, தும்பிக்கையில் வாழைத்தாரோடு.

சேலம் போகிற பஸ் தெருமுனையில் நின்றுவிட்டது. "என்னங்க ஊர்வலம்?" என்று யாரோ கேட்க, கண்டக்டர் சொன்னார்: "மாமன் சீருங்க. காது குத்துன ஊட்டுக்கு."

காது குத்திய மாமன் சீர் கொண்டுவர வேண்டும் என்பது முறை. அது அவளுக்கு யார் சொன்னது என்று தெரியாது. சீர் வந்தால் வீட்டுக்குப் பெரியவர் எதிர்கொண்டு ஆரத்தி எடுக்க வேண்டும் என்பதும் முறை. மாமியார் தொழுவத்திலிருந்து வெளியே வந்தார். தெருவைப் பார்த்தார். கல்லக்காவைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். தொழுவத்துப் பக்கம் திரும்பினார்.

"ஏ கருப்பி, மாமன் சீரு வாசல்ல நிக்குது. ஆரத்தி கரைச்சு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

கருப்பிக்கு முன்னால் நான் சமையலறைக்குள் ஓடினேன்.

அன்று சாயங்காலமே சர்க்கஸ் ஊரை விட்டுப் போனது. அதற்குப் பிறகு நாங்கள் கல்லக்காவைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கார்டு வரும். சமையல்காரர் கையெழுத்து. "புள்ளை சோறு உண்ணுதா என்று கேட்கிறாள்" என்று ஒரே வரி. என் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது நடக்கிறது. நன்றாகவே சாப்பிடுகிறாள். கோலப்பொடி டப்பாவைக் கேட்டால் அரிசி மூட்டையை இழுத்து வருகிறாள். "மாமா யாரு?" என்று யாராவது கேட்டால் கல்லக்கா பேரைச் சொல்கிறாள். கேட்டவர்களுக்கு நான்தான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது.

இப்போது எழுதக் காரணம், எனக்கு இரண்டாவது ஒரு பையன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. தை மாதம் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம். திருச்செங்கோட்டு அண்ணன், இந்தத் தடவை கண்ணைக் கட்டிக்கொண்டாவது உட்காருகிறேன் என்று ஆள் விட்டிருக்கிறார். நான் நல்ல மருமகளாக மாமியாரிடம் போய், "அண்ணனுக்கே சொல்லிடலாமுங்களா அத்தை?" என்று கேட்டேன். அவர் வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தார்.

"மூத்ததுக்கு ஒரு மாமன், இளையதுக்கு ஒரு மாமனா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?" என்றார். அடுப்பைத் தணித்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்தார். "அவ எந்த ஊருல கெடக்கறாளோ, என்னத்தைக் குடிக்கறாளோ. சீக்கிரமா அழைச்சு உடு. நெய்யி எடுத்து வெக்கணும்."

இங்கேதான் எனக்குச் சிக்கல். தாய்மாமனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். வெறும் கடிதம் போட்டு அழைத்தால் மாமனுக்கு அவமரியாதை. கடைசியாக வந்த கார்டு மைசூர் சீமையில் ஏதோ ஒரு ஊரிலிருந்து. யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது. மேட்டில் இறங்கித் தள்ளச் சொல்கிறார்கள். கைக்குழந்தையோடு நான் போக முடியாது. என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. மாமியாருக்கு வயது. ஆனால் முறையில்லாமல் அழைத்தேன் என்று கல்லக்கா ஒரு நிமிஷமும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு என்று இருக்கிற பிறந்த வீடு அவள் ஒருத்திதான்.

ஆகையால் இந்தப் பத்திரிகை படிக்கிற அனுபவமுள்ள சகோதரிகளைக் கேட்கிறேன். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டைக்குள் வைத்துத் தைத்துத் தபாலில் அனுப்பினால் மைசூர் போய்ச் சேரும் வரை வாடாமல் இருக்குமா? ஓரம் கொஞ்சம் காய்ந்துபோனாலும் அது அழைப்புக்கு ஆகுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.